மஸ்டா 3 பின் ஸ்வே பார்: லிங்க் நட் சும்மா சுற்றுகிறது, வீட்டில் வைத்தே மாற்றலாமா?

கறள்வண்டி:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2011 மஸ்டா 3. ரொறன்ரோ ஸ்காபரோ வண்டி, வின்ரர் தவறாமல் வீதி உப்பில் குளித்தது. பின் இடது சில்லு கிடங்கில் விழும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு சத்தம். எங்கள் டிரைவ்வேயில் சரித்துத்தான் ஏற்ற வேண்டும், அப்போதும் அதே சத்தம். ஸ்பீட் பம்பில் நேராக ஏறினால் அவ்வளவாகக் கேட்பதில்லை.

கராஜில் காட்டினேன். பின் ஸ்வே பார் (பின் சில்லுகள் இரண்டுக்கும் குறுக்கே போகிற இரும்புத் தண்டு) அதைப் பிடித்திருக்கிற ரப்பர் புஷ்ஷுக்குள் கறள் தின்று மெலிந்துபோய்விட்டது, பாரின் நுனிகளைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கிற சின்னக் கம்பிகளான லிங்க் இரண்டும் முடிந்துவிட்டது, எல்லாம் சேர்த்து 600 டொலர் என்றார்கள். சாமான் மட்டும் வாங்கினால் அதில் பாதிகூட வராது. அதனால் நானே இறங்கினேன். இடது லிங்க் நட்டைத் திருப்பினால் நட்டோடு நடுத்தண்டும் சேர்ந்து சுற்றுகிறது. தண்டின் நுனியில் ஆலன் கீ போடுகிற குழி முழுக்கக் கறள், கீ இறங்கவே இல்லை.

கையில் இருப்பது வண்டியோடு வந்த ஜக், சின்ன ஃப்ளோர் ஜக் ஒன்று, சொக்கெட் பெட்டி, டப்ளியூ.டி. 40. இதற்குமேல் என்ன செய்யலாம்? அல்லது வாயை மூடிக்கொண்டு 600 டொலரைக் கொடுப்பதா?

குறடு:
நட்டை விடுங்கள். வண்டியை எதில் நிறுத்தியிருக்கிறீர்கள்? ஜக் ஸ்டாண்ட் இரண்டு இல்லாமல் அடியில் படுக்க வேண்டாம். ஃப்ளோர் ஜக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை.

இன்னொன்று, நிறையப் பேர் யோசிக்காதது. ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சில்லுகளை. பின்பக்கத்தை முழுக்கத் தூக்கிவிட்டால் அந்தச் சில்லுகள் அந்தரத்தில் நிற்கும், ஹேண்ட் பிரேக் போட்டும் பிரயோசனம் இல்லை. உங்கள் வண்டி முன்சில்லில் ஓடுவது. ஆட்டோ என்றால் 'பார்க்'கில் விடுங்கள், மானுவல் என்றால் முதல் கியரில். முன்சில்லுகளுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை வையுங்கள். சரிந்த டிரைவ்வே என்றால் அங்கே இந்த வேலையே வேண்டாம், மட்டமான சீமெந்துத் தரை தேடுங்கள்.

கறள்வண்டி:
தரை மட்டம்தான், கராஜுக்கு முன்னால் உள்ள பகுதி. ஸ்டாண்ட் இரண்டு மைத்துனரிடம் இருக்கிறது, எடுத்து வருகிறேன். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி, அது முடிந்த பிறகு மற்றப் பக்கம் செய்யலாமா?

ஸ்காபரோ சித்தப்பா:
தம்பி, அப்படிச் செய்யாதீர்கள். ஸ்வே பாரின் வேலையே இரண்டு சில்லுகளுக்கும் உள்ள உயர வித்தியாசத்தில் முறுகுவதுதான். ஒரு சில்லு கீழே தொங்கி மற்றது தரையில் நின்றால் பார் முறுகியபடி இருக்கும். கழற்றும்போது லிங்க் தெறிக்கும், பூட்டும்போது ஓட்டை நேராக வராது. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அப்போது லிங்க் கையாலேயே இறங்கும்.

நீங்கள் சொன்ன சத்தமும் அதையேதான் காட்டுகிறது. ஸ்பீட் பம்பில் இரண்டு சில்லும் சேர்ந்து ஏறும், பாருக்கு வேலை இல்லை. ஒற்றைச் சில்லு கிடங்கில் இறங்கும்போதுதான் லிங்கில் பாரம் விழும். ஆனாலும் கராஜ்காரர் சொன்னார் என்பதற்காக பாரை வாங்க வேண்டாம். பார் எளிதில் போகிற சாமான் இல்லை, பத்தில் ஒன்பது வண்டியில் லிங்கும் புஷ்ஷும்தான் போயிருக்கும். புஷ்ஷின் விளிம்பில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கறள் தகடு தகடாக வந்து, அதற்குக் கீழே பார் மெலிந்திருந்தால் அவர்கள் சொன்னது சரி. மேல் பெயின்ட் மட்டும் உரிந்திருந்தால் இரண்டு லிங்க், இரண்டு புஷ் போதும்.

இனி நட். ஊசி அல்லது சின்ன ஆணியால் அந்தக் குழியைக் கிண்டித் துப்புரவாக்குங்கள். கீயை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் அடிவரை இறங்கும். கீயை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை ஸ்பானரால் திருப்புங்கள், சொக்கெட் போட்டால் கீ போக இடம் இருக்காது. டப்ளியூ.டி. 40 இந்த வேலைக்குக் காணாது. 'பெனட்ரேட்டிங் ஒயில்' என்று எழுதிய டப்பா வாங்கி இரவு அடித்துவிட்டு, காலையில் திரும்ப அடியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கவலைப்படாமல் நட்டை வெட்டுங்கள். எப்படியும் குப்பைக்குப் போகிற லிங்க், அதன் புரி போனால் யாருக்கு நட்டம்?

உண்மையில் பயப்பட வேண்டியது பாரைப் பிடித்திருக்கிற பிராக்கெட் போல்ட்டுகளுக்குத்தான். அவை சப்ஃப்ரேமுக்குள், அதாவது வண்டியின் அடியில் உள்ள இரும்புச் சட்டத்துக்குள், இறங்குபவை. ஒன்று முறிந்து உள்ளே நின்றால் துளைத்து எடுத்துப் புதுப் புரி வெட்ட வேண்டும், அப்போது உங்கள் 600 டொலர் மலிவாகத் தெரியும். அவற்றுக்குத்தான் ஒயிலைத் தாராளமாக அடிக்க வேண்டும். ஒரே மூச்சில் கழற்ற நினைக்காதீர்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் உள்ளே, கறள் தூள் விழ விழ மெதுவாக. 'கிரீச்' என்று கத்தினால் பரவாயில்லை. சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி இளகித் திரும்பினால் உடனே நிறுத்துங்கள், போல்ட் முறுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

குறடு:
வெட்டுவதென்றால் கை வாளால் வெட்டுங்கள், அல்லது நட் ஸ்பிளிட்டர் போடுங்கள். பின் சீற்றுக்குக் கீழேதான் பெற்றோல் டாங்க் இருக்கிறது. கிரைண்டர் பொறி, காஸ் நெருப்பு இரண்டும் அந்தப் பக்கம் வேண்டாம். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் பக்கத்திலேயே போகும், அவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடாமல் படுத்தால் கறள் முழுக்கக் கண்ணில்தான் விழும்.

ஓடுகாலி:
கழற்றுவதே கழற்றுகிறீர்கள், தடித்த பாராகப் போட்டால் என்ன? நான் என் பழைய இம்ப்ரெசாவில் 20 மி.மீ. பாரை எடுத்துவிட்டு 22 மி.மீ. போட்டேன். வளைவில் வண்டி தண்டவாளத்தில் போகிற மாதிரி இருக்கும்.

ஸ்காபரோ சித்தப்பா:
உங்களுக்குச் சரி, இவருக்குச் சரிவராது. தடிப்பு 10 வீதம்தான் கூடுகிறது, ஆனால் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20-க்குப் பதில் 22 என்றால் கிட்டத்தட்ட 46 வீதம் கூடுதல் விறைப்பு. அந்தப் பாரம் முழுக்க லிங்கிலும் பிராக்கெட்டிலும் வந்து விழும், அதுவும் கறள் பிடித்த பிராக்கெட்டில். பின்பக்கம் விறைத்தால் வளைவில் மூக்கு நன்றாகத் திரும்பும், உண்மைதான். அதே வண்டி ஜனவரியில் 401 ஹைவேயிலிருந்து இறங்குகிற வளைவில் பனியில் போகும்போது வாலை வெளியே எறியும். குடும்பம் ஏற்றுகிற வண்டிக்குக் கம்பெனி அளவே போதும்.

தாம்பரம் டிரைவர்:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடைய ஸ்விஃப்ட்டிலும் பின்னாடி இதே 'டக்' சத்தம். மெக்கானிக் முன்னாடி லிங்க் ராடு மாத்தினார், சத்தம் போகவில்லை. பின்னாடி இருக்கிற ஸ்டெபிலைசர் பாரை மாத்தணுமா?

குறடு:
ஸ்விஃப்ட்டில் பின்னால் தனியாகக் கழற்றி மாற்றுகிற பாரும் லிங்கும் இல்லை, டார்ஷன் பீம். இரண்டு சில்லையும் இணைக்கிற அந்தக் குறுக்குச் சட்டமே முறுகி ஸ்வே பாரின் வேலையைச் செய்துவிடும். ஷாக் அப்சார்பரின் மேல் புஷ்ஷையும், பீம் பாடியோடு சேர்கிற புஷ்ஷையும் பாருங்கள். அதற்கும் முதல் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியும் ஜாக்கியும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தாம்பரம் டிரைவர்:
ஜாக்கிதாங்க! கிளிப் உடைஞ்சு உள்ளே உருண்டுக்கிட்டு இருந்தது. லிங்க் ராடுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். நன்றி.

கறள்வண்டி:
இன்று இறங்கினேன். முதலில் பார்: சித்தப்பா சொன்ன மாதிரிச் சுரண்டினேன். இடது புஷ்ஷின் ஓரத்தில் மிளகாய் வற்றல் தோல் மாதிரித் தகடு தகடாக வந்தது. கீழே பார் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டிருக்கிறது. ஆகவே பாரும் போயே போய்விட்டது, கராஜ்காரர் பொய் சொல்லவில்லை.

வலது லிங்க் ஆலன் கீயோடு கழன்றது. இடது குழி வட்டமாகிவிட்டது, வாளால் வெட்டினேன், தோள்மூட்டு கழன்றுவிட்டது. பிராக்கெட் போல்ட்டுகள் நாலும் கத்திக் கத்தி முழுசாக வெளியே வந்துவிட்டன. இப்போது பிரச்சினை, பார் வெளியே வரவில்லை. எக்ஸாஸ்ட் குழாய் வழியை மறிக்கிறது.

ஸ்காபரோ சித்தப்பா:
எக்ஸாஸ்ட்டை முழுக்கக் கழற்றத் தேவையில்லை. பின் சைலன்சரைத் தொங்கவிடுகிற ரப்பர் வளையங்களுக்குச் சவர்க்காரத் தண்ணீர் அடித்துக் குறட்டால் நெம்பினால் கழன்றுவிடும். குழாய் ஒரேயடியாகத் தொங்காமல் கீழே ஒரு கட்டையோ ஜக்கோ கொடுங்கள். அந்த இடைவெளியில் பாரை ஒரு பக்கமாகச் சரித்துத் திருப்பி இழுங்கள். வந்த வழியே புதுசும் போகும், ஆனால் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பழசை எடுக்கிறபோதே போட்டோ எடுத்துவிடுங்கள். தலைகீழாகவும் பூட்ட வருகிற பார்கள் உண்டு.

பிராக்கெட் போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் இறக்குங்கள். பிறகு லிங்க். கடைசி இறுக்கு சில்லுகள் பாரம் தாங்கி நிற்கும்போது, சர்வீஸ் மானுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால். அதற்குச் சில்லுகளின் கீழ் ராம்ப் வைத்துக்கொண்டால் வசதி. ரப்பர் புஷ்ஷுக்கு சாதாரண கிரீஸ் பூசாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். பூசித்தான் ஆக வேண்டும் என்றால் சிலிக்கோன் கிரீஸ்.

கறள்வண்டி:
பூட்டியாயிற்று. குழாயைத் தாங்க மகனின் ஹொக்கி பாக்கை வைத்தேன், அவனுக்கு இன்னும் தெரியாது. கிடங்குகளைத் தேடித் தேடி இறக்கிப் பார்த்தேன், 'டொக்' போய்விட்டது. சில்லு நட்டுகளை ஓடிய பிறகு திரும்ப இறுக்கவும் வேண்டும், அது ஞாபகம் இருக்கிறது. கடைசியாக ஒன்று: இதற்குப் பிறகு அலைன்மென்ட் செய்ய வேண்டுமா?

ஸ்காபரோ சித்தப்பா:
வேண்டாம். ஸ்வே பார் சில்லின் கோணத்தைத் தீர்மானிப்பதில்லை, கோணம் வைக்கிற ஒரு போல்ட்டையும் நீங்கள் தொடவில்லை. ரயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அது வேறு கதை, படம் போடுங்கள் பார்ப்போம்.