லோக் அதாலத்தில் வலி, வேதனைக்கு 25,000 தான் தர்றாங்க. கையெழுத்துப் போடலாமா? (அவசரம்)

தென்னரசி
அம்மாவோட கார் ஆக்சிடெண்ட் கேஸ். இந்த சனிக்கிழமை லோக் அதாலத் (சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றம்). இன்சூரன்ஸ் கம்பெனி மொத்தமா ஒரு தொகை பேசுறாங்க, அதுல "வலி, வேதனை"ன்னு 25,000 போட்டிருக்காங்க. எங்க வக்கீலும் இதுக்கு மேல வராது, வாங்கிக்கோங்கன்னு சொல்றார். அம்மா இன்னும் ராத்திரி வலியில தூங்கறதில்ல. வலிக்கு எப்படிக் கணக்குப் போடுறாங்க? எவ்வளவு கேட்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கொங்குக்காரன்
என்ன அடிங்க? எலும்பு முறிவா? ஆபரேஷன் ஆச்சா? அம்மாவுக்கு வயசு என்னங்க? இது தெரியாம யாரும் தொகை சொல்ல முடியாது.

மேலூர் பாண்டி
அம்மா கார்ல உட்கார்ந்திருந்தாங்களா, இல்ல ரோட்டுல போனவங்கள கார் இடிச்சுதா? எஃப்.ஐ.ஆர். யார் மேல? ஊனம் எத்தனை சதவீதம்?

ஜெர்சி ராம்
மருத்துவச் செலவை மூணால பெருக்கிக் கேளுங்க. இங்க நியூ ஜெர்சியில என் மச்சானுக்கு அப்படித்தான் பேசி முடிச்சோம். செலவு ரெண்டு லட்சம்னா ஆறு லட்சம். சிம்பிள்.

குமாஸ்தா63
ஜெர்சி தம்பி, அது அங்க பேரம் பேசற வழி. இங்க எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு வழக்கு) நடக்கிற எந்தக் கோர்ட்டுலயும் அதைச் சொல்லிடாதீங்க. இதே கேள்வி எத்தனை தடவை வந்தாச்சு, பழைய இழையைத் தேடிப் படிக்கற வழக்கமே யாருக்கும் இல்ல.

மோட்டார் வாகனச் சட்டத்தோட ரெண்டாவது அட்டவணையில முன்னாடி ஒரு ரேட் இருந்துது. கொடுங்காயத்துக்கு வலி, வேதனை 5,000, சாதாரணக் காயத்துக்கு 1,000. யார் தப்புன்னு நிரூபிக்காமலே கேட்கற 163ஏ பிரிவுல போட்டவங்களுக்கு அப்போ அதுதான். 2022 ஏப்ரல் 1-லேர்ந்து அந்தப் பிரிவே கிடையாது. எதிராளி தப்புன்னு நிரூபிச்சுக் கேட்கற 166-ல போட்ட கேஸுக்கு எப்பவுமே ரேட் கிடையாது, "நியாயமான இழப்பீடு"ன்னு மட்டும்தான் சட்டம் சொல்லுது. ஜட்ஜ் ஆதாரத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார். முதல்ல கேட்ட விவரத்தைக் கொடும்மா.

மேலூர் பாண்டி
ரேட் இல்லன்னு யார் சொன்னது? நம்ம தமிழ்நாட்டுல ஊனத்துக்கு ஒரு சதவீதத்துக்கு 3,000, 5,000ன்னு போட்டுக் குடுத்துக்கிட்டுதான் இருக்காங்க. என் தம்பி கேஸ்ல அப்படித்தான் வந்துச்சு.

குமாஸ்தா63
அது ஊனத்துக்கு, வலிக்கு இல்ல. ரெண்டையும் குழப்பாதீங்க. சம்பாதிக்கிற திறன் போச்சுன்னு பெருக்கல் காரணி (வருஷ வருமானத்தைப் பெருக்கற, வயசுக்கேத்த எண்) போட்டுக் குடுத்துட்டா, அதே ஊனத்துக்குச் சதவீதக் கணக்குல தனியாக் குடுக்கக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2006-லயே சொல்லியாச்சு.

தென்னரசி
சாரி, ஆஸ்பத்திரியில இருந்து டைப் பண்ணேன். அம்மாவுக்கு 52. கார்ல பின் சீட்ல இருந்தாங்க, எதிர்ல வந்த லாரி மோதிடுச்சு, எஃப்.ஐ.ஆர். லாரி டிரைவர் மேல. வலது தொடை எலும்பு உடைஞ்சு பிளேட் வெச்சிருக்காங்க. கம்பு ஊணித்தான் நடக்கறாங்க. சதவீதம்லாம் தெரியல, ஊனத்தை மதிப்பிடற மெடிக்கல் போர்டுக்கு இன்னும் அனுப்பல. அம்மா வேலைக்குப் போகல, வீட்லதான்.

கொங்குக்காரன்
போர்டுக்கே போகாம செட்டில்மென்ட்டா? அப்புறம் எதை வெச்சுங்க தொகை பேசினாங்க? லோக் அதாலத்துல கையெழுத்துப் போட்டா அதோட முடிஞ்சுது, அப்பீல் கிடையாது. ஒத்து வரலைன்னா கேஸ் திரும்ப கோர்ட்டுக்கே போயிடும், உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல.

மேலூர் பாண்டி
வேலைக்குப் போகலைன்னா வருமான இழப்பு ஒண்ணும் வராது. வலிக்கு மட்டும்தான். பேசாம வாங்கிக்கங்க.

இயன்முறை சுகந்தி
பாண்டி அண்ணே, இது தப்பு. வீட்டுவேலை செய்யற பெண்ணுக்கும் வருமானம் கணக்கிட்டே ஆகணும்னு உச்ச நீதிமன்றம் 2001-லயே மாசம் 3,000-னு போட்டுக் காட்டுச்சு. 2021-லயும் அதை வலியுறுத்திச் சொல்லியிருக்கு. காலையில எழுந்து ராத்திரி வரைக்கும் செய்யறது வேலை இல்லையா?

மேலூர் பாண்டி
நான் அப்படிச் சொல்லலம்மா. சம்பளச் சீட்டு கேட்பாங்கன்னுதான் சொன்னேன்.

இயன்முறை சுகந்தி
சமைக்கறதுக்கு யார் சம்பளச் சீட்டு குடுப்பா? அதுக்காகத்தான் உத்தேச வருமானம்னு வெச்சிருக்காங்க.

குமாஸ்தா63
ரெண்டு பேரும் நிறுத்துங்க, அந்தப் பொண்ணு வலிக்கு வழி கேட்குது.

இயன்முறை சுகந்தி
அதுக்கும் வர்றேன் சார். தென்னரசி, வலியை "ரொம்ப வலிச்சுது"ன்னு ஒரு வரியில எழுதினா 25,000 தான் வரும். எத்தனை நாள் படுக்கை, எத்தனை ஆபரேஷன், காலை இழுத்து வைக்க எடை கட்டினாங்களா, புண்ணு சீழ் வெச்சுதா, எத்தனை மாசமா வலி மாத்திரை, இதெல்லாம் முதல் விசாரணை பிரமாணப் பத்திரத்துல (அம்மா கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கற சாட்சியம்) தேதியோட வரணும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, பிசியோ சீட்டு, இப்பவும் வாங்கற மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் சேர்த்து வைங்க. என்கிட்ட வர்றவங்க சீட்டைத் தூக்கிப் போட்டுட்டு கடைசியில வந்து கேட்கறாங்க, மனசு கஷ்டமா இருக்கும்.

இன்னொண்ணு. தரையில உட்கார முடியல, படி ஏற முடியல, இந்தியன் டாய்லெட் போக முடியல, இதெல்லாம் இழப்பீட்டுக் கணக்குல வலித் தலைப்புல வராது. வாழ்க்கை வசதி இழப்புன்னு தனித் தலைப்பு. 2010-ல உச்ச நீதிமன்றம் தலைப்புகளைப் பிரிச்சே சொல்லியிருக்கு. அவங்க பேசற தொகையில அது இருக்கா பாருங்க.

ஜெர்சி ராம்
போன வருஷமோ அதுக்கு முன்னாடியோ வலிக்கு மட்டும் 15 லட்சம் குடுத்ததா படிச்சேனே?

குமாஸ்தா63
2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம். அவர் முழுசா முடங்கிப் போனவர். தொடை எலும்புக்கு அதைக் காட்டி 15 லட்சம் கேட்டா எடுபடாது. ஆனா வலியைத் தனியா எடை போட்டுப் பார்க்கணும்னு சொல்ல அந்தத் தீர்ப்பு உதவும்.

கொங்குக்காரன்
தென்னரசி, அம்மா நிஜமாவே கையில காசு வர்ற மாதிரி எதுவும் செய்யலீங்களா? மாடு, பலகாரம், ஏதாவது?

தென்னரசி
பிளவுஸ் தைப்பாங்க. அக்கம்பக்கத்துல, மாசம் 12,000 கிட்ட வரும். கால்ல மிதிக்கிற மெஷின். இப்ப தைக்கறதில்ல.

குமாஸ்தா63
இதை மொதல்லயே சொல்லணும்மா! வலது காலால மிதிச்சுத் தைக்கிறவங்களுக்கு வலது தொடை போயிருக்கு. போர்டு எத்தனை சதவீதம் போட்டாலும், அவங்க வேலைக்கு அது எவ்வளவு இழப்புன்னுதான் பார்க்கணும். 52 வயசுக்குப் பெருக்கல் காரணி 11. திறன் இழப்பு 20 சதவீதம்னு வெச்சாலே 12,000 × 12 × 11-ல அஞ்சுல ஒண்ணு, 3,16,800. வருமானம் பின்னாடி உயரும்னு சேர்க்கற எதிர்கால உயர்வு 10 சதவீதம் இதுக்கு மேல. வலி, வசதி இழப்பு, மருத்துவம், பிளேட் எடுக்கற செலவு, வட்டி எல்லாம் தனி. துணி குடுத்த ரெண்டு பேரைச் சாட்சி சொல்ல வைங்க.

மேலூர் பாண்டி
மோட்டார் மாட்டிட்டா தைக்கலாமேன்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அதுக்கும் பதில் வெச்சுக்கங்க.

இயன்முறை சுகந்தி
உட்கார்ற நேரமே பிரச்சினை அண்ணே. தொடையில பிளேட்டோட ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்க. டாக்டர் சாட்சியத்துல இதைக் கேட்டுப் பதிவு பண்ண வைக்கணும்.

தென்னரசி
கையெழுத்துப் போடல. போர்டுக்கு அனுப்பச் சொல்லி மனு போடறேன்னு வக்கீல் ஒத்துக்கிட்டார். எல்லாருக்கும் நன்றி.

கொங்குக்காரன்
நல்லதுங்க. போர்டு எத்தனை சதவீதம் போட்டாங்கன்னு வந்து சொல்லுங்க.

குமாஸ்தா63
போர்டுக்குப் போறப்ப பழைய எக்ஸ்ரே ஒரிஜினல் கையில இருக்கணும். ஆஸ்பத்திரியில வாங்கியாச்சா?