நொறுக்குத் தீனிப் பொட்டலங்களுக்கு மாற்று உறை: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எண்ணெயில் பொரித்த நொறுக்குத் தீனிகளைச் சிறிய அளவில் தயாரித்து விற்கும் நாங்கள், சுற்றுச்சூழலுக்குத் தீங்கு குறைந்த முறைக்கு மாற விரும்புகிறோம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

எங்கள் முதல் சிக்கல் உறைதான். இப்போது பயன்படுத்துவது, மெல்லிய அலுமினியப் பூச்சுடன் இருவேறு பிளாஸ்டிக் படலங்களை ஒட்டிச் செய்தது. நகத்தால் எவ்வளவு கீறினாலும் அடுக்குகள் பிரிவதில்லை என்பதால், மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஈரமும் ஆக்சிஜனும் புகாமல் காப்பதும் அதே அடுக்குகள்தாம். காகித உறையில் போட்டுப் பார்த்தபோது, பத்தே நாளில் பண்டம் நமுத்துச் சிக்கு வாடை அடித்தது. (கெட்டுப்போய்க் கொட்டும் உணவும் மாசுதானே!) மக்கும் உறையையும் எண்ணிப் பார்த்தோம்; ஆனால் 2010இல் அமெரிக்காவில் சன்சிப்ஸ் என்னும் நொறுக்குத் தீனியைத் தயாரிக்கும் ஃப்ரிட்டோ-லே நிறுவனத்தார் அத்தகைய உறையை, அது மிகையாகச் சலசலக்கிறது என்ற புகாரால் பெரும்பாலான வகைகளிலிருந்து விலக்கிக்கொண்டது தயக்கம் தருகிறது.

ஆகவே, பாலிப்ரோப்பிலீன் என்னும் ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன உறையில் நைட்ரஜன் நிரப்பி விற்பவர்கள், மொறுமொறுப்பு எத்தனை நாள் நிற்கிறது, பழைய சீலிங் இயந்திரமே போதுமா என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். பொரித்து மிஞ்சும் எண்ணெயைப் பயோடீசலுக்குக் கொடுப்பவர்கள், அதை எப்படி வடிகட்டிச் சேர்த்து வைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.