கரும்பொருளை எப்படி வரைவது?

தூரிகைக்காரி:
அக்ரிலிக்கில் அரூப ஓவியம் வரைகிறேன். இப்போது கையில் எடுத்திருப்பது கண்ணுக்குத் தெரியாத பிரபஞ்சம். பிரபஞ்சத்தில் கண்ணுக்குப் படாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருள் (dark matter) பற்றிப் படித்ததும் கேன்வாஸ் முழுக்கக் கறுப்பு பூசி, மேலே நீலமும் ஊதாவும் தெளித்தேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் 'அழகான ராத்திரி வானம்' என்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். பார்க்கவே முடியாத ஒன்றைப் பொய் சொல்லாமல் வரைய வழி உண்டா? காண்டின்ஸ்கி மாதிரி அரூப ஓவியர்கள் என்ன செய்தார்கள்?

பழைய லேப்:
பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். முதலில் அந்தக் கறுப்பை விடுங்கள் அம்மா. கறுப்பு என்றால் ஒளியை விழுங்க வேண்டும். கரும்பொருள் ஒளியை விழுங்காது, தடுக்காது; ஒளி பாட்டுக்கு ஊடே போய்விடும். பெயர்தான் அப்படி.

பின்னே எப்படித் தெரிந்தது? வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளை அளந்தபோது, வெளிவிளிம்பில் மெதுவாகச் சுற்ற வேண்டிய வாயு, வேகம் குறையாமல் சுற்றியது. கண்ணில் படும் விண்மீன்களின் ஈர்ப்பு அதற்குப் போதாது; கண்ணில் படாத ஏதோ ஒன்றும் சேர்ந்து இழுக்கிறது. விண்மீன் திரள்களின் கொத்து ஒன்றின் பின்னால் இருக்கும் திரள்கள் வில் வில்லாக இழுபட்டுத் தெரிவதும், அதன் ஈர்ப்பு ஒளியை வளைப்பதால்தான். ஆக, நீங்கள் வரைய வேண்டியது அதனால் வளைந்துபோனவற்றை.

இன்னொன்றும் பாருங்கள், எனக்கு உயிரான விஷயம்: பபிள் சேம்பர் படங்கள். துகள் போன தடத்தைக் குமிழிகளாகக் காட்ட, டொனால்ட் கிளேசர் 1952இல் உருவாக்கிய கருவி. பிறகு வந்த பெரிய கருவிகளில் திரவ ஹைட்ரஜனை நிரப்பி, சட்டென்று அழுத்தத்தைக் குறைப்பார்கள். மின்னூட்டமுள்ள துகள் போன தடம் நெடுக நுண்குமிழிகள் கிளம்பும்; அந்த நொடியில் படம் எடுத்துவிட வேண்டும். காந்தப்புலத்தில் நேர்மின் துகள் ஒரு பக்கம் வளைந்தால் எதிர்மின் துகள் மறுபக்கம். எலக்ட்ரான் ஆற்றலை இழக்க இழக்கச் சுருள் இறுகிக்கொண்டே போகும். மின்னூட்டம் இல்லாத லாம்டா என்ற துகள் தடமே விடாது. சில சென்டிமீட்டர் வெறும் வெளி. பிறகு அது புரோட்டான், பையான் என்ற இரண்டு துகள்களாகச் சிதைய, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து இரண்டு கோடுகள் கவட்டை போலப் பிரியும். அந்த வெற்றிடத்தில் ஏதோ வந்தது என்பதற்கு அந்தக் கவட்டைதான் சாட்சி. அன்று இந்தப் படங்களை மேசைமேல் பெரிதாக விழவைத்து, கோடு கோடாகத் தேடி அளந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பெயர் அதிகம் வெளியே வராதது எனக்கு இன்னமும் வருத்தம்.

மஞ்சள் சட்டகம்:
காண்டின்ஸ்கி பற்றி. அணுவையும் பிளக்கலாம் என்று அறிந்தபோது உலகமே இடிந்தது போலிருந்தது, ஒரு கல் காற்றில் கரைந்தாலும் வியந்திருக்க மாட்டேன் என்ற பொருளில் 1913இல் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் அணுவைப் படம் போடவில்லை. திடப்பொருள் மேலிருந்த நம்பிக்கை போனதும், பொருளை வரைந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்தது என்றே நான் படிக்கிறேன். 1926இல் வரைந்த 'பல வட்டங்கள்' பாருங்கள்: கரும்பின்னணியில் ஒன்றன்மேல் ஒன்று படியும் வட்டங்கள், படிந்த இடத்தில் நிறம் மாறும். ஸ்வீடன் ஓவியர் ஹில்மா ஆஃப் கிளிண்ட் 1917இல் அணு என்றே ஒரு வரிசை வரைந்தார். அவருடைய வழி ஆன்மிகமும் பிரம்மஞானமும். அதை ஆய்வுக்கூடத்தோடு குழப்ப வேண்டாம்.

தூரிகைக்காரி:
சார், அந்தக் கவட்டை என்னைப் பிடித்துக்கொண்டது. துகள் போன இடத்தில் மாஸ்கிங் ஃப்ளூயிட் தடவி, வண்ணம் காய்ந்ததும் உரித்தெடுத்தால் வெள்ளைக் கோடாக நிற்குமே?

பழைய லேப்:
கூடாது அம்மா. வெள்ளைக் கோடும் கோடுதான், தடம் என்றாகிவிடும். சுற்றிலும் என்ன நிறமோ அங்கேயும் அதுவே இருக்கட்டும், தூரிகை அங்கே திசையே காட்டக் கூடாது. கவட்டையின் இரண்டு கால்களையும் எதிரெதிராக வளையுங்கள். லாம்டா என்றால் புரோட்டானின் கால் கிட்டத்தட்ட நேராகவும், பையானுடையது கூடுதலாக வளைந்தும் இருப்பது வழக்கம். செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இணையதளத்தில் பழைய படங்கள் கிடைக்கின்றன. வரையும் முன் ஒரு படத்தைத் தாளில் கையால் நகலெடுத்துப் பாருங்கள்.