அனிமல் பிளானட் சேனல் எப்போது, ஏன் மாறியது?

கேள்வி: கீரிப்பிள்ளை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டிற்குக் கேபிள் இணைப்பு வந்தபோது நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கில வருணனை பாதிகூடப் புரியாது. ஆனாலும் யானையும் பூமியுருண்டையும் கொண்ட அந்தச் சின்னம் திரையில் தெரிந்தால் போதும், பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுவேன். பல ஆண்டுகள் கழித்து அதே சேனலைப் போட்டபோது, மரத்தின் மேல் வீடு கட்டுகிறவர்களும், பிக்ஃபுட் என்று கதைகளில் சொல்லப்படும் மனிதக் குரங்கைத் தேடி இரவில் காட்டுக்குள் அலைகிறவர்களும் வந்தார்கள்; சின்னத்திலும் யானை இல்லை. இந்த மாற்றம் ஒரே நாளில் எடுத்த முடிவா, சிறிது சிறிதாக நேர்ந்ததா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் மகிழ்வேன்.

மறுமொழி: பழைய ஆன்டெனா

இரண்டும்தான், தம்பி. ஜான் ஹென்ட்ரிக்ஸ் 1985இல் தொடங்கிய டிஸ்கவரி நிறுவனம், விலங்குகளுக்கென்றே தனியாக 1996இல் தொடங்கிய சேனல் இது. விரைவிலேயே பிபிசியும் பங்காளியாகச் சேர்ந்ததால், உலக நாடுகள் பலவற்றுக்கும் அது வேகமாகப் பரவியது.

நீங்கள் கேட்கும் முடிவு 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்டது. குழந்தைகளோடு குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் சேனல் என்ற பெயரை விட்டு, பெரியவர்களுக்கான விறுவிறுப்பான பொழுதுபோக்குச் சேனலாக ஆக வேண்டும் என்று நிர்வாகம் விரும்பியது. யானையை எடுத்துவிட்டு, பெயரில் உள்ள 'எம்' எழுத்தைப் படுக்கவைத்த புதிய சின்னத்தைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டில், அண்டார்க்டிக் கடலில் ஜப்பானியத் திமிங்கில வேட்டைக் கப்பல்களை மறிக்கப் போனவர்களைப் பற்றிய 'வேல் வார்ஸ்' வந்தது. 2010இல் பிபிசி தன் பங்கை டிஸ்கவரிக்கே விற்றுவிட்டு விலகியது. இதற்குள் போட்டியும் வந்துவிட்டது: 2006இல் ஹாங்காங்கில் தொடங்கிய நேட் ஜியோ வைல்ட், 2010இல் அமெரிக்காவிலும் கால் வைத்தது.

காரணம் பெரும்பாலும் பணம்தான் என்பது என் கருத்து. ஒரு சிறுத்தையைப் படமெடுக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மீன் தொட்டி செய்து விற்கும் கடையில் கேமராவை வைத்தால், அன்றைக்கே ஒரு பகுதிக்கான காட்சிகள் கிடைத்துவிடும்.

மறுமொழி: நெய்தல்வாசி

மேலே எழுதிய ஐயாவோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் மனிதர்கள் திரைக்கு வந்ததுதான் கேடு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சேனலுக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்ததே ஒரு மனிதர்தான். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின், 1992இல் தேனிலவு நாட்களில் மனைவி டெர்ரியோடு முதலை பிடிக்கப் போனபோது எடுத்த காட்சிகளிலிருந்துதான் 'தி குரோக்கடைல் ஹண்டர்' பிறந்தது. சேற்றில் விழுந்து புரண்டாலும், பேச்சு முழுவதும் அந்த முதலையைப் பற்றியதாகவே இருக்கும். 2006 செப்டம்பர் 4ஆம் தேதி, குயின்ஸ்லாந்துக் கடலில் திருக்கை முள் மார்பில் தைத்து அவர் இறந்தபோது வயது 44.

எனக்கு இன்னும் நெருக்கமானது 2005இல் தொடங்கிய 'மீர்கேட் மேனர்'. கலகாரி பாலைநிலத்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 1993 முதல் ஆய்வு செய்துவரும் மீர்கேட் கூட்டங்களின் கதை அது. நம் கீரியின் உறவினம்தான் இந்த மீர்கேட். ஆய்வாளர்கள் வேகவைத்த முட்டையின் துணுக்குகளைக் காட்டி, அவற்றைத் தராசின் மேல் ஏறவைத்து எடை பார்ப்பார்கள்; அவ்வளவு பழகிய பிராணிகள் என்பதால்தான் கேமராவைக் கண்டு அவை ஓடவில்லை. 2007இல் கூட்டத்தின் தலைவி 'ஃபிளவர்' பாம்புக்கடியால் இறந்தது. உறவினர் ஒருவரை இழந்ததுபோல் பல நாட்டு மக்கள் அழுதார்கள், நானும் அழுதேன். பொறுமையாகப் படமெடுத்தாலும் பெருங்கூட்டம் பார்க்கும் என்பதற்கு அந்தத் தொடரே சான்று. ஆகவே, பணத்தை மட்டும் காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமொழி: பழைய ஆன்டெனா

நீங்கள் சொல்வது நியாயம், அம்மா. இர்வினை நான் விட்டிருக்கக் கூடாது. 2009இல் வந்த 'ரிவர் மான்ஸ்டர்ஸ்' தொடரின் ஜெரமி வேடையும் அவரோடு சேர்க்கலாம். இந்திய நேபாள எல்லையில் ஓடும் காளி ஆற்றில் ஆளை இழுக்கும் பிராணி எது என்று தேடிப் போனவர், பெரிய கூஞ்ச் கெளுத்தி மீனைப் பிடித்துக் காட்டினார். வதந்தியில் தொடங்கினாலும், முடிவில் ஓர் உண்மையான மீன் கையில் இருந்தது.

என்னால் மன்னிக்க முடியாதது 2012இல் வந்த கடற்கன்னி நிகழ்ச்சிதான். நடிகர்களை விஞ்ஞானிகளாகப் பேசவைத்து, ஆவணப்படத்தின் தோற்றத்தில் கற்பனையை ஒளிபரப்பினார்கள். கற்பனை என்ற குறிப்பைக் கவனிக்காதவர்கள் ஏராளம். அமெரிக்க அரசின் கடல் ஆய்வு அமைப்பு, கடல்வாழ் மனிதர்கள் இருப்பதற்குச் சான்று எதுவும் கிடைத்ததில்லை என்று அறிக்கை விடும் நிலை ஏற்பட்டது. பெயரில் விலங்கை வைத்துக்கொண்டு, இல்லாத உயிரினத்தை உண்மைபோல் காட்டியது பார்வையாளர்களுக்குச் செய்த துரோகம்.

மறுமொழி: கீரிப்பிள்ளை

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த யானை பிறகு திரும்பவே இல்லையா? மீர்கேட் கூட்டம் என்ன ஆனது?

மறுமொழி: நெய்தல்வாசி

யானை 2018இல் திரும்பியது. இப்போது அது நீல நிறத்தில் துள்ளிக் குதிக்கிறது. அதே ஆண்டில் டெர்ரியும் பிள்ளைகளும் தங்கள் விலங்குப் பூங்காவைப் பற்றிய புதிய தொடரோடு அதே சேனலுக்கு வந்தார்கள். மீர்கேட் தொடர் 2008இல் நின்றுபோனது. ஃபிளவரின் வழித்தோன்றல்களைக் காட்டும் புதிய தொடர் 2021இல் வந்தது. ஆனால், அமெரிக்காவில் அதை ஒளிபரப்பியது பிபிசி அமெரிக்கா.