பூ பூக்குது, பிஞ்சு நிற்கலையா? வீட்டுத் தோட்டக்காரர்களின் அனுபவங்கள்

கொடிக்காய் போட்ட வீடுகளில் அதிகம் கேட்கும் புலம்பல் இதுதான். முதல் ஒன்றிரண்டு வாரம் கவலையே வேண்டாம். பூசணி, பாகல், சுரை எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஆண் பூதான் முதலில் வரும். இதழுக்கு அடியில் குட்டிக் காய்போலப் புடைத்திருந்தால் அது பெண் பூ. வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ.

பெண் பூ வந்த பிறகும் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி உதிர்ந்தால், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். தேனீ எட்டிப் பார்க்காத உயரமான மாடிகளில் இது சகஜம். கையாலேயே சேர்த்துவிடலாம். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிழித்துவிடுங்கள். நடுத்தண்டை விரலால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அது பழைய பூ. அந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடி மேல் சுற்றிலும் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வளரும்.

நேரம்தான் முக்கியம். பூசணிக்கு விடிந்ததிலிருந்து 9 மணிக்குள். சுரையும் பீர்க்கனும் மாலையில் மலர்பவை, அவற்றுக்கு மாலையில் தடவுங்கள். மூன்றாம் நாள் பிஞ்சு பச்சை மாறாமல் பருத்தால் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள், பூவை எண்ணுவதற்கென்றே தினமும் மாடி ஏறுவார்கள்.

*

மேலே சொன்னதோடு மண்ணையும் பாருங்கள். கொடிக்கு 18 அங்குலப் பையில் ஒரு செடிதான். சின்னப் பையில் கொடி ஓடும், காய் பெருக்காது. செம்மண் 2 பங்கு, தேங்காய் நார்க்கழிவு 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கலந்து, ஈரமாக்கி, 10 நாள் விட்ட பிறகே நடவேண்டும். புண்ணாக்கு மட்கும்போது கிளம்பும் சூடு இளம் வேரைக் கருக்கிவிடும். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலை ஓரத்தைக் கருக்கும்.

இலை கரும்பச்சையாக, கொடி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால் தழைச்சத்து கூடிவிட்டது. சாணமும் மாட்டுச் சிறுநீரும் ஊற்றிக்கொண்டே இருப்பதை நிறுத்துங்கள். பாசம் அதிகமானால் செடியும் சோம்பேறி ஆகும்!

*

தக்காளிக் கதை வேறு. ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு. காலையில் கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் போதும். பகலில் 35 டிகிரிக்கு மேல் கொளுத்தினால் பூ உதிரும், அதற்கு மருந்தில்லை. நிழல்வலை கட்டிவிட்டுக் காத்திருங்கள்.

காயின் அடிப்பாகம் கருத்துத் தோல்போல ஆனால் நோய் என்று மருந்து தெளிக்காதீர்கள். காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் ஊறவிடுவதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகும். முட்டை ஓட்டைத் தூவினால் சரியாகும் என்பார்கள். அது மட்க மாதக்கணக்காகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். உலர்ந்திருந்தால் தண்ணீர், ஈரமிருந்தால் வேண்டாம். மேலே 2 அங்குலம் காய்ந்த சருகு போட்டால் ஈரம் சீராக நிற்கும்.

*

இலைச்சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினிக்கு: 1 லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் 5 மில்லி, கரைத்த சோப்பு 2 மில்லி. வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கத்தில். திறந்த பூமேல் படவே கூடாது. தேனீயை விரட்டிவிட்டுப் பிறகு கையால் பூ தடவுவதில் என்ன லாபம்?

எத்தனை செடி என்பதில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். இரண்டு வெண்டைச் செடி வைத்தால் நாளுக்கு ஒரு காய்தான் வரும். நால்வர் வீட்டுக்கு 10 முதல் 12 வேண்டும்; கத்தரியோ நாலு போதும். வெண்டையைப் பூத்த 5, 6 நாளில் பறியுங்கள். நுனியை ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றியாச்சு. முற்றியதையும் செடியில் விடாதீர்கள். விதை கட்டத் தொடங்கிய செடி புதுப் பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும்.