கொழும்புக் கோபுரத்து லொபிக் கண்ணாடிச் சுவரைக் கிளிநொச்சியில் அப்படியே போடலாமா?

பரந்தன்_வரைவு:

வணக்கம். கிளிநொச்சியில் ஏ9 வீதியைப் பார்த்தபடி ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று எழும்புகிறது. அதற்குப் படம் வரைவது நான். கீழே 6 மீற்றர் உயரத்தில் லொபி (நுழைவு மண்டபம்), மேற்குப் பார்த்த முகப்பின் அகலம் 9 மீற்றர். உரிமையாளர் கனடாவில் இருக்கிறார். கொழும்பில் ஒரு பெரிய கோபுரத்தின் லொபியைப் பார்த்துவிட்டு, உலோகச் சட்டம் எதுவும் வெளியே தெரியாத முழுக் கண்ணாடிச் சுவர்தான் வேண்டும் என்று நிற்கிறார். அந்தச் சுவரின் படம்கூட எப்படியோ அவர் கைக்கு வந்து, இப்போது என் வாட்ஸ்அப்பில் இருக்கிறது.

படத்தின்படி முன்கண்ணாடி 12 மி.மீ. டெம்பர் (சூடாக்கிச் சடுதியாகக் குளிர்வித்து வலுவாக்கியது), ஒவ்வொன்றும் 1.5 மீற்றர் அகலம். இரண்டு கண்ணாடி சேரும் இடத்தில் உள்பக்கமாக 19 மி.மீ. தடிப்பு, 300 மி.மீ. ஆழத்தில் கண்ணாடி ஃபின், அதாவது முன்கண்ணாடிக்குச் செங்குத்தாக முட்டுக்கொடுக்கும் கண்ணாடித் தகடு. மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டு. ஃபின்னையும் கண்ணாடியையும் சிலிக்கோன் மட்டும்தான் பிடிக்கிறது.

கண்ணாடி வேலை எடுக்க வந்தவர், "கோபுரத்துக்கே தாங்குது, ஐந்து மாடிக்குத் தாங்காதா?" என்கிறார். உரிமையாளருக்கும் அந்தப் பேச்சுப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் கை ஓடவில்லை. இந்த வேலை தெரிந்த அண்ணைமார் யாராவது சொல்லுங்கள்.

வட்டுவாகல்காரன்:

தம்பி, நான் முல்லைத்தீவு. வளைகுடாவில் முகப்புக் கண்ணாடி வேலையிலேயே தலை நரைத்தவன்.

"கோபுரத்துக்கே தாங்குது" என்ற கதையை முதலில் ஓரமாக வையுங்கள். லொபிச் சுவர் கோபுரத்தைத் தாங்குவதில்லை. மேலே ஐந்து மாடியோ ஐம்பது மாடியோ, அதைச் சுமப்பது தூண்கள். கண்ணாடிச் சுவர் சுமப்பது தன் எடையையும் காற்றையும்தான். காற்று மாடியை எண்ணிக்கொண்டு வராது, ஊரைப் பார்த்து வரும்.

1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளிக்குப் பிறகுதான் இலங்கையை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தார்கள். சாதாரணக் கட்டடத்துக்கு 1ஆம் வலயத்தில் செக்கனுக்கு 49 மீற்றர், 2இல் 43, 3இல் 33. கொழும்பு 3ஆம் வலயம். கிழக்குக் கரையோரம் 1. கிளிநொச்சிக்குக் குறைந்தது 2ஆவது எடுங்கள், வலயப் படத்தையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள். வேகத்தை வர்க்கித்து 0.613ஆல் பெருக்கினால் அமுக்கம் வரும். 33க்குச் சதுர மீற்றருக்கு 668 நியூட்டன், 43க்கு 1133. ஒன்றே முக்கால் மடங்குக்குக் கிட்ட. 1964 டிசம்பர்ப் புயல் வவுனியாப் பக்கமாக வன்னியை ஊடறுத்துப் போனதைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 2020இல் புரெவி வந்ததை நீங்களே கண்டிருப்பீர்கள்.

சரி, ஃபின்னுக்கு வருவோம். 1.5 மீற்றருக்கு ஒன்று என்றால் ஒரு மீற்றர் நீளத்துக்கு 1.7 கிலோநியூட்டன். 6 மீற்றருக்கு வளைதிருப்பம் (ஃபின்னை வளைக்கப் பார்க்கும் திருப்பம்) 7.65 கிலோநியூட்டன் மீற்றர். 19 க்கு 300 ஃபின்னில் தகைப்பு (பரப்பலகு ஒன்றில் ஏறும் விசை) 27 மெகாபஸ்காலுக்குக் கிட்ட வரும். டெம்பர் கண்ணாடிக்கு இது பெரிய தகைப்பே இல்லை. வளைவும் 10 மி.மீ.க்குள் நிற்கும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு 'ஓகே' என்று கையெழுத்துப் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆபத்து வேறு பக்கத்தில். காற்று கண்ணாடியை வெளியே உறிஞ்சும்போது ஃபின்னின் உள்விளிம்பு நீளவாக்கில் நெருக்கப்படும். அந்த விளிம்பை யாரும் பிடித்திருக்கவில்லை. இரும்பு அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடித்து வளைத்துப் பாருங்கள், வளையாமல் பக்கவாட்டில் முறுகிச் சரியும். இதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அவுஸ்திரேலியக் கண்ணாடி நியமம் ஏ.எஸ். 1288இன் பின்னிணைப்பில் வழி இருக்கிறது.

அடுத்தது, ஒற்றைக் கண்ணாடி ஃபின்னை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். டெம்பர் கண்ணாடிக்குள் நிக்கல் சல்பைட் துணுக்கு இருந்தால் யாரும் தொடாமலே ஒருநாள் படாரென்று தூளாகும். ஹீட் சோக் சோதனை (தொழிற்சாலையிலேயே சூடாக்கிப் பார்ப்பது) செய்தால் வாய்ப்புக் குறையும், அவ்வளவுதான். முன்கண்ணாடி ஒன்று போனால் ஒரு ஓட்டை. ஃபின் போனால் இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் பிடியில்லை. ஆகவே 12 மி.மீ. தட்டு இரண்டு, நடுவில் 1.52 மி.மீ. படலம் வைத்து ஒட்டிய லமினேட் ஃபின். படலம் எஸ்.ஜி.பி. என்ற விறைப்பான வகையாக இருக்கட்டும். வழமையான பி.வி.பி. படலம் சூட்டில் இளகும், மேற்கு வெயில் விழும் முகப்பில் அந்த இரண்டு தட்டும் ஒன்றாக வேலை செய்யும் என்று நம்பிக் கணக்குப் போட முடியாது.

இதில் இன்னொரு இலாபமும் உண்டு. சிலிக்கோன் ஒட்டும் அகலம் = அமுக்கம் × குறுகிய பக்கம் ÷ 2 ÷ 138 கிலோபஸ்கால் (சிலிக்கோனுக்கு அனுமதிக்கும் தகைப்பு). உங்கள் கண்ணாடிக்கு 6.2 மி.மீ. வருகிறது. மூலைகளில் உறிஞ்சல் கூட, அங்கே இன்னும் வேண்டும். ஃபின் விளிம்பு 19 மி.மீ. கண்ணாடிகளுக்கு நடுவில் 10 மி.மீ. இடைவெளி விட்டால் மிச்சம் 9. ஆளுக்கு 4.5தான். எப்படிப் பிடிக்கும்? லமினேட் போட்டால் விளிம்பு 25.5, ஆளுக்கு 7.75. மூலைக்கு அதுவும் பற்றாது, அங்கே ஸ்ரெயின்லெஸ் பட்ச் பிடி (கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கும் உலோகத் தகடு) கொடுங்கள். படத்தைப் 'பிரதி' எடுக்கிறவர்கள் இந்தச் சில மில்லிமீற்றர்களைத்தான் பார்ப்பதில்லை.

ஓமந்தை_சிவில்:

அண்ணை கணக்கைச் சொல்லிவிட்டார். நான் பராமரிப்பைச் சொல்கிறேன். எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீர் கல்சியம் கூடியது. அதை அடித்துக் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் படியும், நாள் போனால் உரஞ்சினாலும் போகாது. மழைத்தண்ணீர்த் தாங்கி ஒன்றை இப்போதே படத்தில் போடுங்கள். பிறகு, கண்ணாடி போல முகம் காட்டுகிற பூச்சு வேண்டவே வேண்டாம். வயல் ஓரக் கட்டடங்களில் ஆண்மயில் தன் உருவத்தைக் கண்டு கொத்திக்கொண்டே நிற்கும். சிரிக்காதீர்கள், உண்மை.

எனக்கென்றால் மேற்குப் பார்த்த முகப்பில் இத்தனை கண்ணாடியே தேவையில்லை. ஏசி பில்லைக் கனடாவிலிருந்தா கட்டப்போகிறார்?

பரந்தன்_வரைவு:

கட்டுவாராம், கேட்டுவிட்டேன்! வட்டுவாகல் அண்ணை, மிக்க நன்றி. (தம்பி இல்லை, தங்கச்சி.) உரிமையாளரிடம் 668ஐயும் 1133ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்பினேன். லமினேட் ஃபின்னுக்குச் சம்மதித்துவிட்டார். இரண்டு கேள்வி. சுவரைக் கீழே நிறுத்துவதா, மேலிருந்து தொங்கவிடுவதா? கதவை ஃபின்னில் பொருத்தலாமா?

வட்டுவாகல்காரன்:

தங்கச்சி, சந்தோசம்.

தொங்கவிட்டால் கண்ணாடி தன் எடையால் நேராக நிற்கும், நெளியாது. இங்கிலாந்தில் இப்சுவிச் நகரத்து வில்லிஸ் ஃபேபர் கட்டடத்தில் 1975இலேயே மூன்று மாடி உயரத்துக்கு அப்படித்தான் தொங்கவிட்டார்கள். ஆனால் முழு எடையும் மேல் பீமுக்குப் போகும். உங்கள் 12 மி.மீ. கண்ணாடி ஒன்றே 270 கிலோ, ஃபின்கள் தனி. பீம் வார்த்து முடிந்துவிட்டது என்றால் 6 மீற்றருக்குக் கீழே நிறுத்துவதே சுகம். கண்ணாடிக்குக் கீழே, இரண்டு முனையிலிருந்தும் அகலத்தில் கால் பங்கு தள்ளி இரண்டு றப்பர் கட்டை, அவ்வளவே தாங்கல்.

அப்போது மேல் சனல்தான் (கண்ணாடித் தலை நுழையும் உலோகப் பள்ளச் சட்டம்) உயிர். 9 மீற்றர் பீம், நீளத்தில் 360இல் ஒரு பங்கு இறங்கினாலே 25 மி.மீ. கொங்கிறீற்று வருடக்கணக்கில் இன்னும் தாழும். அவ்வளவு இறங்கினாலும் கண்ணாடித் தலையில் முட்டக்கூடாது, மேலே எழும்பினாலும் கண்ணாடி சனலை விட்டுக் கழரக்கூடாது. அந்த ஆழத்தைப் படத்தில் மில்லிமீற்றரில் எழுதுங்கள், "தேவைக்கேற்ப" என்று எழுதினால் பாஸ்மார் தங்கள் தேவைக்கேற்பத்தான் விடுவார்கள். அளவெடுப்பது மேல்மாடிச் சுவர்கள் எல்லாம் கட்டி, முட்டுகளைக் கழற்றிய பிறகு. டெம்பர் செய்த கண்ணாடியில் பிறகு ஒரு துளையும் போட முடியாது, ஒரு மில்லிமீற்றரும் வெட்ட முடியாது. பிழைத்தால் லொறி திரும்பக் கொழும்புக்குத்தான்.

சிலிக்கோன் நியூட்ரல் (அமிலம் விடாத) வகை. வினாகிரி மணக்கிறது என்றால் திருப்பி அனுப்புங்கள், அது படலத்தின் விளிம்பைத் தின்னும். சோழகம் அடிக்கிற நாளில் ஒட்டவே விடாதீர்கள், செம்புழுதி ஒரு படை ஏறினாலும் பிடி போச்சு. ஒரு துணியால் அல்ககோல் பூசி, காய முன்னம் மற்றத் துணியால் துடைக்க வேண்டும். பழைய சாரத்துண்டு சரிவராது, நூல் உதிரும்.

கதவு ஃபின்னில் வேண்டாம். சனம் ஒரு நாளைக்கு எத்தனை தரம் அடித்துச் சாத்தும்! ஸ்ரெயின்லெஸ் நிலை ஒன்றைத் தரையில் தனியாக ஊன்றி அதில் கதவைத் தொங்கவிடுங்கள், மேலே உள்ள கண்ணாடியையும் அதுவே தாங்கட்டும். ஃபின் கணக்கை மட்டும் பட்டயப் (சார்ட்டட்) பொறியியலாளர் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். மேல் சனலின் வெட்டுமுகம் வரைந்தால் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.