ஓவர்டிரைவ் முதலா, டிஸ்டோர்ஷன் முதலா? லீட் வாசிக்கும்போது என் கிற்றார் கேட்கவே இல்லை

கல்லடிக் கிற்றார்:

வணக்கம். எங்கள் குறூப்பில் நான் ஒருவன்தான் கிற்றார். கூட இரண்டு கீபோர்ட், பேஸ், ட்ரம்ஸ். கிற்றார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற பெடல் இரண்டு என்னிடம் இருக்கின்றன. ஒன்று கொழும்பில் பழசாக வாங்கிய செம்மஞ்சள் நிற பொஸ் டிஎஸ்-1 டிஸ்டோர்ஷன், நல்ல கரகரப்புத் தருவது. மற்றது சித்தப்பா லண்டனில் இருந்து கொண்டுவந்த ஐபனேஸ் ரியூப் ஸ்கிறீமர், பச்சை நிற ஓவர்டிரைவ், அதைவிட மெல்லிய கரகரப்பு.

வீட்டில் சின்ன அம்பில் (கிற்றார் ஒலிபெருக்கிப் பெட்டியில்) பச்சையை முன்னாலும் செம்மஞ்சளைப் பின்னாலும் போட்டு வாசித்தால் அவ்வளவு இறுக்கமாக, தடிப்பாகக் கேட்கும். போன சனிக்கிழமை களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் அதே வரிசையில் வைத்தேன். செம்மஞ்சளில் ரிதம் வாசித்துவிட்டு, லீட் (கிற்றார் முன்னுக்கு வந்து தனியாக வாசிக்கிற பகுதி) வந்ததும் பச்சையையும் சேர்த்து மிதித்தேன். சத்தம் தடித்ததே தவிர உயரவில்லை. இறங்கி வந்ததும் பாடகர் கேட்டார்: "லீட் வாசிச்ச நீயா? எனக்கு ஒண்டும் கேக்கல்ல." மூன்று வாரம் பழகிய லீட். மனது விட்டுப்போனது.

மாற்றிப் போட்டும் பார்த்தேன், சேறு மாதிரிக் குழம்புகிறது. எந்த வரிசை சரி?

அக்கரைப்பற்று ஆறுதந்தி:

ஓவர்டிரைவ்தான் முதலில். கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) குறைந்தது முன்னால், கூடியது பின்னால். நான் எப்போதும் அப்படித்தான் வைக்கிறேன். சவுண்ட்காரரிடம் சொல்லி உங்கள் சனலைக் கூட்டச் சொல்லுங்கள்.

புளியந்தீவான்:

தம்பி, ஆறுதந்தி சொன்ன வரிசை தப்பில்லை. ஆனால் அது வேறு வேலைக்கான வரிசை. உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்தது, ஒரு கோயில் திருவிழா மேடையில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க. அன்றைக்கு நான் அம்பைக் குறை சொன்னேன். அம்பில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

டிஸ்டோர்ஷன் பெடல் சிக்னலை ஓர் அளவுக்கு மேலே போகவிடாமல் வெட்டுகிறது. டிஎஸ்-1 உள்ளே பெருக்கிய சிக்னலை டையோட் என்கிற இரண்டு சின்ன மின்பாகங்கள் கிறவுண்டுக்கு இழுத்துத் தட்டையாக்கிவிடும். குளம் வான்பாயத் தொடங்கிய பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் நீர்மட்டம் பெரிதாக ஏறாது இல்லையா? அதேதான். ஏற்கெனவே வான்பாய்கிற பெடலுக்குள் பச்சையின் லெவல் குமிழை, அதாவது வெளியே போகிற சத்த அளவை, முழுதாகத் திறந்து ஊற்றினீர்கள். கரகரப்பும் நீட்சியும் கூடின. சத்தம் ஏற இடமே இல்லை.

இரண்டாவது விஷயத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. டிஎஸ்-1 இன் டோன் குமிழ் நடுவில் நிற்கும்போது 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நடு ஒலி பள்ளமாகிவிடும். கிற்றார் ஆட்களின் காதுக்கு எட்டுவது அந்த நடு ஒலியால்தான். அந்த இடத்தில் உங்களுக்கு இரண்டு கீபோர்ட் வேறு உட்கார்ந்திருக்கிறது! வீட்டில் தனியாக வாசிக்கும்போது அந்தப் பள்ளம் இனிமையாக இருக்கும், மேடையில் அதுவே உங்களை விழுங்கும். ரியூப் ஸ்கிறீமர் இதற்கு நேர்மாறு. அதன் மேடு 720 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அடி ஒலியையும் குறைக்கும். அதை முன்னால் வைத்தால் அது தூக்கிக் கொடுத்த நடு ஒலியைப் பின்னால் நிற்கிற செம்மஞ்சள் மறுபடி தோண்டிவிடுகிறது. பின்னால் வைத்தால் செம்மஞ்சள் தோண்டிய பள்ளத்தைப் பச்சை நிரப்புகிறது. கடைசியில் நிற்கிற பெடல்தான் வெளியே போகிற ஒலியின் உருவத்தையும் உயரத்தையும் தீர்மானிக்கிறது.

மாற்றிப் போட்டதும் குழம்பியது என்றால், பச்சையின் டிரைவையும் (கரகரப்பைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்) கூட்டித்தான் வைத்திருப்பீர்கள். அதைப் பூச்சியத்துக்கு இறக்குங்கள். பூச்சியத்திலும் உள்ளே ஏறத்தாழ 12 மடங்கு பெருக்கம் இருக்கிறது, அது போதும். டோன் நடுவில், லெவல் மணிக்கூட்டின் 2 மணியில். செம்மஞ்சளில் டிஸ்ற் குமிழ் 10 மணிக்கு மேல் வேண்டாம், டோன் நடுவுக்குக் கீழே. அம்பைக் கிளீனாக வையுங்கள். அம்பே திணறினால் எந்த வரிசையும் சத்தத்தைத் தூக்காது.

மெட்டல் மாதிரி உள்ளங்கையால் தந்தியை அமத்தி வெட்டி வெட்டி வாசிக்கிற ரிதமுக்குப் பச்சை முன்னால் இருப்பதே நல்லது. அடி ஒலி குறைந்து உள்ளே போவதால் டிஸ்டோர்ஷன் கொழகொழக்காது. வீட்டில் உங்களுக்குப் பிடித்தது அந்த இறுக்கம்தான். பைலா ஆட்டப் பாட்டுக்கோ இரண்டுமே வேண்டாம். நம்ம மட்டக்களப்புக் கல்யாண வீட்டில் பைலாவைக் கரகரப்பில் வாசித்தால் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு வலிக்கும். அந்தத் தாளத்துக்குத் தந்தி பளிச்சென்று கேட்க வேண்டும்.

கல்முனைச் சோல்டர்:

புளியந்தீவு அண்ணா சொன்னது சரி. நான் பெடல் திருத்துகிறவன், இரைச்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டு பெடலும் ஒன்றாக ஓடும்போது பெருக்கங்கள் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. முதலாவது 10 மடங்கு, இரண்டாவது 100 மடங்கு என்றால் கிற்றாரில் இருந்து வருகிற சின்ன முனகல் 1000 மடங்காகும். ஜெனறேற்றரில் ஓடுகிற மேடையில் இதை நன்றாகக் கேட்கலாம். மலிவு அடாப்டர் முனகுகிறதா என்று அறிய, 9 வோல்ற் பற்றரி போட்டு வாசித்துப் பாருங்கள். முனகல் நின்றால் அடாப்டரை மாற்றுங்கள், நடு முனை நெகற்றிவ் ஆனதாக. கல்லடியில் கடற்காற்று உப்புப் படிகிற இடம், என்னிடம் வருகிற பெடல்களில் கனக்க ஜாக்தான் கறுத்துப் போயிருக்கும். கொன்ராக்ற் கிளீனரால் துடைத்து வையுங்கள், பிளக்குகளையும்.

அக்கரைப்பற்று ஆறுதந்தி:

டோன் பள்ளத்தை நான் யோசித்ததே இல்லை. என்னிடமும் டிஎஸ்-1 இருக்கிறது, இன்றிரவு மாற்றிப் பார்க்கிறேன்.

கல்லடிக் கிற்றார்:

நேற்றுப் பின்னேரம் பிராக்டிஸில் போட்டுப் பார்த்தேன். செம்மஞ்சள் முன்னால், பச்சை பின்னால், டிரைவ் பூச்சியம். லீட் தொடங்கிய உடனேயே பாடகர் திரும்பிப் பார்த்தார். லெவல் 2 மணியில் கூடிப்போனது, கீபோர்ட் அண்ணா "மறுகா எங்களுக்கும் இடம் வேணும்" என்றார். 1 மணிக்கு இறக்கினேன். முனகலும் இருந்தது, பற்றரியில் நின்றுவிட்டது. அடாப்டர்தான். எல்லோருக்கும் நன்றி.

அப்புறம் இன்னொன்று. டிலே, அதாவது எதிரொலி தருகிற பெடல், ஒன்று வாங்க யோசிக்கிறேன், அது எங்கே?

புளியந்தீவான்:

இரண்டுக்கும் பின்னால், தம்பி. முன்னால் வைத்தால் எதிரொலிகளையும் சேர்த்து வெட்டி ஒரே கூழாக்கிவிடும்.